சுவீடன் நாட்டுக் கிரெப்தா விருந்து

சுவீடன் நாட்டிலே ஓகஸ்ட் மாதம் பிறந்துவிட்டால், கடைகளின் கண்ணாடிப் பலகணிகளில் மஞ்சள் நிறக் கடதாசி விளக்குகள் தொங்கத் தொடங்கும். முழுமதியைப் போன்ற வட்டம். அதிலே சிரிக்கும் கண்களும் மூக்கும் வாயும். அருகே கடதாசித் தொப்பிகள், உண்ணும்போது கழுத்திற் கட்டிக்கொள்ளும் துண்டுகள், மேசை விரிப்புகள். எல்லாவற்றிலும் செந்நிறத்தில் ஒரே பிராணியின் உருவம். வெசாக் கூடுகளைக் கண்டு பழகிய நம் கண்களுக்கு இது ஏதோ சமயத் திருவிழாவின் ஆயத்தம் என்றே தோன்றும். ஆனால் சமயத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. வாவிகளிலும் ஆறுகளிலும் வாழும் கிரெப்தா என்னும் பிராணியை உப்பு நீரில் அவித்து, ஆறவைத்து, உற்றாரும் நண்பரும் கூடியிருந்து உண்ணும் விழா இது. வடபுலத்தின் கோடை மிகவும் குறுகியது. ஜூன் மாதத்தில் இரவென்பதே இல்லாதிருந்த வானம் ஓகஸ்டில் மெல்ல இருளத் தொடங்குகிறது. குளிர் வந்து கதவை அடைக்குமுன் வெளியிலே விளக்கேற்றி உண்பதற்குக் கிடைக்கும் கடைசி மாலைகள் இவை.

கிரெப்தாவை ஆங்கிலேயர் கிரேபிஷ் என்பர். பெயரில் மீன் இருந்தாலும் அது மீனன்று. நண்டின் கொடுக்குகளையும் இறாலின் வாலையும் ஒரே உடலில் பொருத்தி, பெருவிரலினும் சற்றுப் பருமனாக ஆக்கினால் எப்படியிருக்குமோ அப்படியிருக்கும். நன்னீரிலேயே பிறந்து நன்னீரிலேயே வாழ்வது. இலங்கையிலோ இந்தியாவிலோ இயற்கையாக இவ்வினம் கிடையாது. ஆபிரிக்கப் பெருநிலத்திலும் இல்லை. ஆனால் அதற்கருகிலுள்ள மடகஸ்கார் தீவில் உண்டு, அவுஸ்திரேலியாவில் உண்டு. நம் ஆறுகளிலும் களப்புகளிலும் பிடிபடும் நீண்ட நீலக்கால் ஆற்றிறால் வேறு சாதி. அதன் குஞ்சுகள் உவர்நீரைத் தேடிச் சென்றே வளரவேண்டும். கிரெப்தாவுக்குக் கடலின் உறவே வேண்டாம். தாய் தன் வாலின் அடியில் நூறு, இருநூறு முட்டைகளை ஒட்டிவைத்துக்கொண்டு பனிக்காலம் முழுவதும் கல்லிடுக்கில் கிடந்து, கோடை வந்ததும் குஞ்சு பொரிக்கிறது. குளிர்நீரில் அது பத்துச் சென்ரிமீற்றர் நீளம் வளர ஐந்தாறு ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆகும்.

2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத நடுவில், வெத்தர்ன் வாவியின் கீழ்க்கரையிலுள்ள கிரென்னா என்னும் சிற்றூரில் இப்பிராணியைப் பிடிப்பதைக் காணும் வாய்ப்புக் கிடைத்தது. வெத்தர்ன் சுவீடனின் இரண்டாவது பெரிய வாவி. பரப்பில் நம் யாழ்ப்பாண மாவட்டத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஆழம் சில இடங்களில் 120 மீற்றருக்கும் மேல். நீரின் தெளிவோ கண்ணாடியைத் தோற்கடிக்கும். சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய மிட்டாய்க்குப் பேர்போனது கிரென்னா. பகலெல்லாம் உல்லாசப் பயணிகள் அம்மிட்டாயைச் சுவைத்துக்கொண்டு தெருவில் உலவுவர். மாலையானால் ஊர்க்காரரின் கவனம் துறைக்குத் திரும்பிவிடுகிறது.

பொதுமக்கள் இவ்வாவியிற் கிரெப்தா பிடிப்பதற்கு நாளும் நேரமும் குறிக்கப்பட்டுள்ளன. ஓர் ஆள் இத்தனை கூடுகள்தான் வைக்கலாம் என்ற கணக்கும் உண்டு. கூடு என்றது, நம் களப்புக்கரையார் இறாலுக்கு வைக்கும் கூட்டின் ஒன்றுவிட்ட சகோதரன் என்றே சொல்லலாம்: வலை போர்த்த உருளை, இரு முனையிலும் உள்நோக்கிக் குவிந்த வாய், உள்ளே துண்டாக்கிய மீன். கெட்டுப்போன மீனுக்கே கிரெப்தா வரும் என்று வெளியூரார் எண்ணுவதுண்டாம். எம்மை அழைத்துச் சென்ற முதியவர் அதை மறுத்தார். “நாற்றமெடுத்ததை நீயே உண்ணமாட்டாய், அது மட்டும் ஏன் உண்ணும்?” என்றார். பொழுது சாய, ஒன்பது மணியளவில், கற்கள் நிறைந்த அடித்தளம் பார்த்துக் கூடுகளை ஒவ்வொன்றாக இறக்கினார். கிரெப்தா பகலில் கல்லடியில் ஒளிந்திருந்து இருளில் இரைதேடப் புறப்படும் பிராணி. விடியற்காலையில் கயிற்றை இழுத்தபோது கூடுகள் கறுப்பும் பழுப்புமாக நெளிந்தன. ஒவ்வொன்றையும் முதுகுப்புறமாகப் பிடித்து அளவுகோலில் வைத்தார். பத்துச் சென்ரிமீற்றருக்குக் குறைந்தவை திரும்ப வாவிக்கே போயின. எமது விரலைப் பற்றிய ஒன்று, தன் கொடுக்கின் வலிமையை நன்றாகவே உணர்த்திவிட்டுப் போயிற்று.

சமையலிலே மறைபொருள் ஒன்றுமில்லை. பெரிய பானையில் நீர், கைநிறையக் கல்லுப்பு, சிறிது சர்க்கரை, பூத்து முதிர்ந்த சதகுப்பைக் கொத்துகள். நம் நாட்டு மருந்துக்கடைகளில் பிள்ளை பெற்றவளுக்குச் சரக்கு அரைக்க வாங்கும் அதே சதகுப்பைதான். சுவீடனிலோ அது சமையலறையின் அரசி. நீர் தளதளவென்று கொதிக்கும்போதே கிரெப்தாவைத் தலைகீழாக விடவேண்டும். ஒரே தடவையில் குவித்துக் கொட்டினால் கொதி அடங்கி, அப்பிராணி வீணே துன்புறும். ஆகையால் சிலவாகச் சிலவாக விடுவர். கறுத்த ஓடு சில நொடிகளில் செக்கச் சிவக்கிறது. ஓட்டிலே முன்பே மறைந்திருந்த செந்நிறப் பொருளைச் சூடு விடுவித்துக் காட்டுகிறதேயன்றி, புதிதாக எதையும் உண்டாக்குவதில்லை. பத்து நிமிடமளவில் அடுப்பை அணைத்து, புதிய சதகுப்பைக் கொத்தை மேலே இட்டு, அந்த உப்புநீரிலேயே மறுநாள்வரை ஊறவிடுகின்றனர். சுடச்சுட உண்பதே இன்பமென்று பழகிய நமக்கு இந்தப் பொறுமை எளிதன்று.

மறுநாள் மாலை முற்றத்து மரங்களுக்கிடையே நிலாமுக விளக்குகள் தொங்கின. பாட்டனார் முதல் பேரக்குழந்தைவரை எல்லாரும் கடதாசித் தொப்பி அணிந்து அமர்ந்தனர். சுவீடன் மக்கள் மேசை ஒழுக்கத்தில் மிகக் கண்டிப்பானவர்கள். ஓசைபட உண்பது அங்கே பெருங்குற்றம். இந்த ஓரிரவில் மட்டும் அச்சட்டம் தளர்கிறது. ஓட்டை உதட்டில் வைத்து, உள்ளிருக்கும் உப்புநீரை உறிஞ்சியெடுக்கும் ஓசை மேசையைச் சுற்றி எழுந்தது. பிறகு வாலைத் திருகிப் பிரித்து, ஓடு நீக்கி, நரம்பை இழுத்தெறிந்து உண்கின்றனர். கொடுக்கை உடைக்கத் தனிக் கத்தியே உண்டு. வறுத்த பாண், முதிர்ந்த பாற்கட்டி இட்டுச் சுட்ட பணியாரம், தானியத்தில் வடித்த காரமான மது, ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒரு பாட்டு. மது அருந்தாதாருக்குப் பழரசம் உண்டு. பாட்டுக்கு மட்டும் விலக்கில்லை. கிரெப்தாவின் சுவை நண்டுக்கும் இறாலுக்கும் நடுவே நிற்பது, மெல்லிய இனிப்புடையது. மிளகாய்த் தூளும் தேங்காய்ப் பாலும் நினைவுக்கு வராமலில்லை. எனினும் அந்தச் சதகுப்பை மணத்தின்மேல் ஒரு கறிச்சரக்கை இடுவது அநியாயம் என்றே நமக்குத் தோன்றிற்று.

இத்தனை ஆரவாரத்துக்கு நடுவே பாட்டனார் ஒரு கொடுக்கை எடுத்து, அதன் மூட்டிலிருந்த வெண்மையான புள்ளியைக் காட்டினார். “இது நம் நாட்டுப் பிராணியன்று” என்றார். அதன் வரலாறு அறியத்தக்கது.

16ஆம் நூற்றாண்டிலே கிரெப்தா அரசர் மாளிகை உணவாயிருந்தது. குடியானவர் அதைப் பூச்சியென்று ஒதுக்கினர். 19ஆம் நூற்றாண்டில் பட்டணத்து வசதியுள்ளோர் அதைச் சுவைக்கத் தொடங்க, ஐரோப்பாவின் பிற நாடுகளுக்கும் ஏற்றுமதி பெருக, வாவிகள் வறளும் நிலை வந்தது. ஆகவே கோடைத் தொடக்கத்தில் அதைப் பிடிப்பதை அரசு தடைசெய்தது. ஓகஸ்ட் முதல் வாரம் கழிந்து தடை நீங்கும் நாளே விருந்து நாளாயிற்று. அந்தச் சட்டம் 1990களில் நீக்கப்பட்டபோதிலும் விருந்து தன் மாதத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

பேரிடர் 1907ஆம் ஆண்டில் வந்தது. பின்லாந்திலிருந்து ஸ்ரொக்ஹோம் நகருக்கு வந்த கிரெப்தாக்களோடு ஒரு கொள்ளைநோய் மெலாரன் வாவியினுள் புகுந்தது. வட அமெரிக்காவிலிருந்து 1860 அளவில் இத்தாலியை அடைந்து, நாடு நாடாக வடக்கே நகர்ந்த நோய் அது. காரணம் ஒரு நீர்ப்பூஞ்சணம். கண்ணுக்குத் தெரியாத அதன் வித்துகள் நீந்தித் திரிந்து கிரெப்தாவின் மெல்லிய மூட்டுகள் வழியே உடலினுள் வேரோடுகின்றன. இரவிலே உலவும் பிராணி பகல் வெளிச்சத்தில் தள்ளாடி நடப்பதே முதல் அறிகுறி. சில வாரங்களில் வாவி முழுவதும் வெறுமையாகும். மனிதருக்கோ மீனுக்கோ இதனால் தீங்கில்லை. 1907க்கு முன் சுவீடனிலிருந்த கிரெப்தாக் கூட்டங்களில் நூற்றுக்கு 95க்கும் மேல் இன்று இல்லை.

இதற்கு மருந்தாக அமெரிக்காவிலிருந்தே வேறோர் இனத்தைக் கொணர்ந்தனர். சிக்னல் கிரெப்தா என்பது அதன் பெயர். புகையிரதப் பாதையில் கொடி காட்டுவதுபோல் கொடுக்கில் வெண்புள்ளி இருப்பதால் வந்த பெயர் இது. 1960இல் சோதனையாகவும், 1969 முதல் பெருந்தொகையாகவும், கலிபோர்னியாவின் தாஹோ வாவியை ஊற்றாகக்கொண்டு, அதனைச் சுவீடன் வாவிகளில் விட்டனர். பூஞ்சணம் நுழைந்த இடத்தைச் சுற்றிக் கருநிறப் பொருளைப் படியவைத்து, நோயைத் தன் ஓட்டினுள்ளேயே சிறைவைக்கும் ஆற்றல் அதற்குண்டு. விருந்து பிழைத்தது. ஆனால் அந்த ஆற்றலே கேடாகவும் முடிந்தது. சிறையிலிருக்கும் நோய் சாவதில்லை. சிக்னல் கிரெப்தா அதை ஆயுள் முழுவதும் சுமந்து நீரிலே விதைக்கிறது. முன்பெல்லாம் ஒரு வாவியில் நோய் வந்து எல்லாம் மடிந்தால், பற்றுக்கோடின்றிப் பூஞ்சணமும் அழியும். சில ஆண்டுகள் கழித்துச் சுதேச இனத்தை மீண்டும் விடலாம், விட்டுப் பிழைத்த இடங்களும் உண்டு. சிக்னல் குடியேறிய வாவியில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை.

மருந்தைக் கொடுத்தோர் ஒரு பங்கு செய்தால், ஆசை மிகுந்தோர் ஒன்பது பங்கு செய்தனர். உயிருள்ள சிக்னலை வாளியிற் கொண்டுபோய்த் தத்தம் ஊர்க் குளத்தில் இரகசியமாக விட்டோர் பலர். நம் குளங்களிலும் 1952இல் ஆபிரிக்கத் திலாப்பியா வந்து குடியேறியது. ஏழைகளின் சட்டியை அது நிரப்பியதை எவரும் மறுக்கமுடியாது. வெத்தர்ன் கரையிலும் நிலை அதுவே. இன்று அவ்வாவியின் மீன்பிடித் தொழிலுக்குப் பெருவருவாய் தருவது இந்த அந்நியப் பிராணிதான். ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் அதனைத் தீங்குசெய்யும் அந்நிய இனங்களின் பட்டியலிற் சேர்த்தது. ஆயினும் அது ஏற்கெனவே பரவிவிட்ட தென்சுவீடனில் பிடித்து உண்பதற்குத் தடையில்லை. பால்டிக் கடலிலுள்ள கொத்லாந்து தீவைச் சுதேச இனத்துக்குரிய புகலிடமாகக் காக்க முயல்கின்றனர். கடைகளிலே சீனாவிலிருந்தும் அமெரிக்க லூசியானாவிலிருந்தும் உறைபெட்டியில் வந்த கிரெப்தாவும் மலிவாகக் கிடைக்கிறது. மேசையில் எது வந்தாலும் தொப்பியும் பாட்டும் ஒன்றுதான். இதுவே நமக்கு வியப்பும் ஓரளவு வருத்தமும் தந்தது.

சுதேசக் கிரெப்தாவைக் காணவேண்டும் என்று கேட்டதற்கிணங்க, பாட்டனாரின் உறவினர் ஒருவர் ஸ்மோலாந்துக் காட்டுக்குள்ளே தமது நிலத்திலுள்ள சிறு வாவிக்கு எம்மை அழைத்துச் சென்றார். அவ்வாவியின் பெயரை எழுதவேண்டாம் என்பது அவர் விதித்த நிபந்தனை. கரையை அடையுமுன்னே எமது சப்பாத்துகளைக் கழற்றச் சொன்னார். முதல் நாள் வெத்தர்ன் நீரில் நனைந்தவை அவை. ஈரமான ஒரு சப்பாத்தே நோயைக் கொண்டுவரப் போதும். தம் கொட்டிலிலிருந்த காய்ந்த சப்பாத்துகளை எமக்குத் தந்தார். இரைமீனும் அதே வாவியில் பிடித்தது. வெளிமீன் வேண்டியபோது நன்றாக உறையவைத்த பின்னரே பயன்படுத்துவார்.

இரவு பத்து மணிக்கு மின்விளக்குடன் கரையோரமாக நடந்தோம். முழங்காலளவு நீரில், ஒரு பாறையின் விளிம்பிலே அது நின்றது. சிக்னலைவிடக் கருமை, கொடுக்கு கரடுமுரடாக இருந்தது, திருப்பிப் பார்த்தால் மூட்டின் அடியிலே செம்மை. வெண்புள்ளி இல்லை. அவ்வாண்டு தாம் பிடிக்கப்போவது குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் பத்துப் பன்னிரண்டு மட்டுமே என்றார் அவர். விருந்தினருக்கென்று இரண்டை அவித்துத் தந்தார். தசை இறுக்கமாகவும் இனிப்பு ஒரு படி மேலாகவும் இருந்ததென்பது எமது எண்ணம். காட்டின் அமைதியும் பசியும் அதற்கு உதவியிருக்கலாம். கொட்டிலின் சுவரில் கூடுகளை ஆணியில் மாட்டியபின், கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டார். அக்கூடுகள் வேறெந்த நீருக்கும் போனதில்லை. அயலார் கேட்டாலும் இரவல் கொடுப்பதில்லையாம்.