வெஸ்ற்மல்லே மடமும் அதன் இரட்டை மதுவும்

பெல்ஜியம் என்னும் நாடு பரப்பளவில் எமது இலங்கையின் அரைப்பங்கினும் சற்றே குறைந்தது. அதன் வடபாகத்தார் டச்சு மொழியும், தென்பாகத்தார் பிரெஞ்சு மொழியும், கீழெல்லையில் வாழும் சிறு தொகையினர் ஜெர்மன் மொழியும் பேசுவர். இம்மூவருக்கும் பொதுவான பொருள்களைத் தேடிப் புகுந்தால் முதலில் அகப்படுவனவற்றுள் ஒன்று பியர் என்னும் வாற்கோதுமை மது. அந்நாட்டுப் பியர்ப் பண்பாட்டை 2016ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்துக்கொண்டது.

குடும்பத்தார் கூடிப் படிக்கும் பகுதியில் மதுவைப் பற்றி எழுதுவதா என வாசகர் சிலர் வினவல் கூடும். மதுவாற் குலைந்த இல்லங்களை நாமும் அறிவோம். ஆயினும், மதுவை ஆக்குவோரே அதற்கு அளவும் இட்டு வாழும் ஓரிடத்தைக் கண்ணுற்றோம் ஆதலின், அதனை மாணவரும் பெற்றோரும் அறிதல் நன்றெனக் கருதுகின்றோம்.

அன்ற்வேர்ப் நகரிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 25 கிலோமீற்றர் தூரத்தில் உளது வெஸ்ற்மல்லே என்னும் ஊர். எம்மிடம் முன்னாளிற் பயின்று, இந்நாளில் அந்நகரிலே தொழில் புரியும் மாணவர் ஒருவர் எம்மைப் பஸ்ஸில் அழைத்துச் சென்றார். குன்றென்று சொல்ல எதுவுமில்லாத சமநிலம், மணற்பாங்கான தரை, இடையிடையே பைன் மரத் தோப்புகளும் பசுக்கள் மேயும் புற்றரைகளும். பெருந்தெருவினின்று சற்று உள்வாங்கி, நெடுமதிலாற் சூழப்பட்டு நிற்கின்றது திராப்பிஸ்ற் துறவியரின் மடம். சுற்றுலாப் பயணிகள் உட்புக அங்கே அனுமதி இல்லை. மதிலோரமாக நடந்து, கோபுரத்தையும் கூரைகளையும் புறத்தே நின்று நோக்கி மீளுதலே வழிப்போக்கர்க்கு இயல்வது.

இத்துறவியரின் மூலமடம் பிரான்ஸ் தேசத்து லா திராப். பிரெஞ்சுப் புரட்சியின்போது அங்கிருந்து வெளியேறிய துறவியர் சுவிற்சர்லாந்தில் அடைக்கலம் புகுந்தனர். அவருட் சிலர் புதுமடம் அமைக்கக் கனடா நோக்கிப் புறப்பட்டுச் செல்லும் வழியில், அன்ற்வேர்ப் ஆயர் அவர்களைத் தம் மறைமாவட்டத்திலேயே தங்குமாறு வேண்டினார். 1794ஆம் ஆண்டு ஜூன் 6ஆந் திகதி அவர்கள் குடியேறிய பண்ணைக்கு, 'என்றும் ஓய்வில்லை' எனப் பொருள்படும் பெயர் முன்னரே வழங்கிற்று. பெயருக்கேற்ப ஓய்வும் கிட்டவில்லை. பிரெஞ்சுப் படைகள் நெருங்கவே அவ்வாண்டிலேயே மீண்டும் ஓடிப்போய், 1802இல் திரும்பினர். 1836இல் அது முழுமடம் என்னும் தகுதி பெற்றது. அவ்வாண்டு டிசெம்பர் 10ஆந் திகதி, தாமே வடித்த பியரை அவர்கள் முதன்முறையாக உணவுடன் அருந்தினர்.

துறவியர் மது வடிப்பதேன் என்ற ஐயம் எழுதல் இயல்பே. தமிழ்க் கத்தோலிக்கர் ஆசீர்வாதப்பர் என அழைக்கும் பெனடிக்ற் முனிவர், துறவியர் தம் கையுழைப்பால் உண்பவராக வேண்டும் என விதித்தார். தோலகட்டி ஆச்சிரமத்துத் துறவியரின் முந்திரிகை இரசத்தைச் சுவைத்த யாழ்ப்பாணத்தவர்க்கு இது புதுமையன்று. அம்முனிவரின் ஒழுக்க நூல் துறவியின் நாளுணவுக்கு வைன் இவ்வளவெனவும் வரையறுத்துளது. முந்திரிகை செழித்து வளராத வடபுலத்திலே வைனின் இடத்தைப் பியர் பெற்றது.

1856இல் அவர்கள் கபில நிறமுடைய வலிய பியர் ஒன்றையும் வடிக்கலாயினர். 1861 முதல் மடத்து வாயிலில் ஊராருக்கு விற்றனர். 1919இல் பெல்ஜிய அரசு மதுக்கடைகளிற் கடுஞ்சாராயம் பரிமாறுதலைத் தடுத்துச் சட்டம் இயற்றிற்று. அதனால் வலிய பியர்களுக்குக் கிராக்கி உண்டாயிற்று என்பர். 1926இல் மடத்தார் தம் கபில பியரின் செய்முறையைத் திருத்தியமைத்தனர். அதுவே இன்று 'டுபெல்', அதாவது இரட்டை, என வழங்கப்படுவது. பிறர் வடிக்கும் டுபெல் வகைகளுக்கெல்லாம் முன்மாதிரியும் இதுவே. 1934இல் 'திரிப்பெல்' என்னும் பொன்னிற மது தோன்றிற்று. இரட்டை என்றதும் இருமடங்கு வெறியுடையதெனக் கருதற்க. டுபெல்லில் மதுசாரம் நூற்றுக்கு 7 பங்கு. சாதாரண பியரில் 5 பங்களவு.

நீர், முளைகட்டிய வாற்கோதுமை, ஹொப்பு என்னும் கொடியின் பூ, மதுவம், கருஞ்சீனிப் பாகு என்பனவே இதன் உறுப்புகள். முதல் நொதித்தல் பெருந்தொட்டியில் நிகழும். பின்பு போத்தலில் அடைக்கும்போது சிறிது சீனியும் மதுவமும் சேர்த்து இளஞ்சூடான அறைகளில் வைப்பர். போத்தலுக்குள்ளே மதுவம் மீண்டும் தொழிற்படுதலின், குமிழிகள் இயற்கையாகவே தோன்றும். அடியில் மெல்லிய மண்டியும் படியும்.

மடத்துக்கு எதிரே பெருந்தெருவோரத்தில் 'கபே திராப்பிஸ்ற்றன்' என்னும் உணவுச்சாலை உளது. ஒரு போத்தலை வருவித்து நாமும் மாணவரும் பகிர்ந்துகொண்டோம். காலுடைய அகன்ற கிண்ணத்திலே அதனைச் சரித்து வார்த்த மாணவர், "சேர், அடிமண்டியை விடுவதா ஊற்றுவதா என்பது அவரவர் விருப்பம்" என்றார். "தெளிவையே தாரும் தம்பி" என்றோம்.

கடுஞ்சாயத் தேநீரை வெயிலுக்கு நேரே பிடித்தாற்போன்ற செங்கபில நிறம். மேலே பாலாடை நிறத்து நுரை தடித்து நின்று, மெல்ல அடங்கிற்று. மூக்கின் அருகே கொண்டுசென்றபோது முதலில் எழுந்தது கனிந்த வாழைப்பழத்தின் வாசம். அதனைத் தொடர்ந்து பேரீச்சம்பழமும் பனங்கட்டிப் பாகும் நினைவுக்கு வந்தன. எனவே மிக இனிக்கும் என எதிர்பார்த்து அருந்தினோம். நாவில் முதலில் ஓர் இனிமையும், வறுத்த தானியத்தின் மணமும் தோன்றின. மறுகணமே இனிமை நீங்கிவிட்டது. சீனியைப் பெரும்பாலும் மதுவமே உண்டுவிடுதலின், அதன் நிறமும் மணமுமே எமக்கு எஞ்சுகின்றன. ஈற்றில் தொண்டையிலே வேப்பம்பூ வடகத்தின் கசப்பை ஒத்த ஒரு மென்கசப்பு நெடுநேரம் நின்றது. பனிக்கட்டிபோற் குளிராது நிலவறைக் குளிர்ச்சியில் அருந்துவதே முறை. கிண்ணம் சற்று வெம்மையடையவே பழவாசம் பெருகுதலைக் கண்டோம். மடத்துப் பசுக்களின் பாலாற் செய்த பாற்கட்டியைக் கடுகுச் சாந்துடன் கொணர்ந்தனர். அவ்வுவர்ப்பும் இக்கசப்பும் நன்கு பொருந்தின. அரைப் போத்தலே எமக்குப் போதுமாயிற்று.

சுவையினும் எம்மை ஈர்த்தது வேறொன்று. துறவியரின் அன்றாட உணவுக்கென அங்கே வடிக்கப்பட்டு வந்தது 'எக்ஸ்ற்றா' என்னும் மென்மது. உலகம் விரும்பி வாங்குவன வலிய வகைகளாயினும், தம் மேசைக்கு அவர்கள் மெலிந்ததையே வைத்துக்கொள்கின்றனர். இன்று மதுச்சாலையில் உழைப்போர் பெரும்பாலும் கூலி பெறும் பொதுமக்களே. ஆயினும் மேற்பார்வை துறவியருடையது. 1997இல் இத்தகைய மடங்கள் கூடிச் சங்கம் அமைத்து, அறுகோண முத்திரை ஒன்றையும் வகுத்தன. மடத்தின் சூழலிலேயே ஆக்கப்படல் வேண்டும். துறவியர் பொறுப்பில் நடைபெறல் வேண்டும். வருவாய் மடத்தின் தேவைக்கும் அறத்துக்குமே செல்லல் வேண்டும் என்பன அம்முத்திரைக்குரிய நிபந்தனைகள். வாங்குவோர் பெருகினாலும் இலாபத்துக்காகவே உற்பத்தியைப் பெருக்குதல் அவர்தம் நோக்கமன்று.

இந்நிபந்தனை எத்துணைக் கண்டிப்பானது என்பதற்கு ஆக்கெல் மடம் சான்றாகும். 1846இல் வெஸ்ற்மல்லேத் துறவியராலே தொடங்கப்பட்ட அம்மடத்தில் 2021இல் துறவியர் எவரும் எஞ்சவில்லை. மதுச்சாலை இயங்கிக்கொண்டே இருந்தது. எனினும் அறுகோண முத்திரை நீங்கிற்று. 2023இல் அது தனியாருக்கு விற்கப்பட்டபின் திராப்பிஸ்ற் என்னும் பெயரும் போயிற்று.

மேலைநாடுகளில் துறவு பூணும் இளைஞர் தொகை ஆண்டுதோறும் அருகி வருகின்றது. வெஸ்ற்மல்லே மதிலுக்குள்ளே இன்றும் விடியுமுன் மணி ஒலிக்கின்றது. துறவியர் எழுந்து வழிபடுகின்றனர். வணிகப் பொருள்கள் வாங்குவோர் இன்றி அழிதலை நாம் எங்கும் காண்கின்றோம். இங்கோ வாங்குவோர்க்குக் குறைவில்லை. அவ்வதிகாலை மணிக்கு எழுவோர் இல்லாத நாளிலேதான் இம்மதுவின் பெயர் மறையும்.