சாக்ஸுக்குப் பொறந்த மிஷினும் என் பெட்டி ராட்டையும்

திருப்பூர் வந்துபோறவங்க கம்பெனி போர்டுகளைப் பார்த்திருப்பீங்க. பல போர்டுல "ஹோசியரி"ன்னு எழுதியிருக்கும். உள்ளே போய்ப் பார்த்தா பனியனும் ஜட்டியும் டி-ஷர்ட்டும்தான். ஆனா அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு மொதல் அர்த்தம் காலுறை. அதுக்குக் காரணம் இருக்குதுங்க. 1589ல இங்கிலாந்துல நாட்டிங்காம் பக்கத்துல கால்வர்ட்டன்ங்கிற ஊர்ல வில்லியம் லீ பின்னல் மிஷினைக் கண்டுபிடிச்சது காலுறை பின்னத்தான். கையால பின்றவங்க பொழப்பு போயிரும்னு முதலாம் எலிசபெத் ராணி அவருக்கு உரிமை கொடுக்கலைன்னு ஒரு கதை சொல்வாங்க. இன்னிக்கு திருப்பூரையே தாங்கி நிக்கற நிட்டிங் மிஷினுக்கெல்லாம் அந்தச் சாக்ஸ் மிஷின்தான் பாட்டன்.

நான் ஊத்துக்குளி பக்கத்துல ரெண்டரை ஏக்கர் காட்டை வெச்சுப் பொழைக்கறவன். பத்தாவது முடிச்சதும் ஆறு வருஷம் திருப்பூர்ல நிட்டிங் மிஷின் ஓட்டினேன். அப்பறம் அப்பாவுக்கு ஒடம்பு முடியலைன்னு காட்டுக்கே வந்துட்டேன். இப்ப வயசு 56. பகல்ல மாடும் காடும். சாயங்காலம் ஆனா திண்ணையில ராட்டை, இல்லைன்னா சாக்ஸ் ஊசி. போற வர்றவங்க சிரிக்கத்தான் செய்யறாங்க. "ஊரே பனியன் போடுது, நீங்க எதுக்குங்க கையில பின்னறீங்க"ன்னு கேக்கறாங்க. அதுக்கு வெவரமாப் பதில் சொல்லலாம்னுதான் இதை எழுதறேன்.

ஆரம்பிச்சது பேத்தி பொறந்தப்ப. பச்சைக் குழந்தைக்கு நகம் காகிதம் மாதிரி இருக்கும், ஆனா தூக்கத்துல மொகத்தைக் கீறிக்கும். அதுக்குக் கையில உறை போட்டு வெப்பாங்க. மார்கழிப் பனிக்குக் காலுக்கும் வேணும். மருமக போன்ல வீடியோ பார்த்துப் பின்னக் கத்துக்கிட்டிருந்தா. பக்கத்துல உக்காந்து நானும் கத்துக்கிட்டேன். மிஷின்ல ஆறு வருஷம் கண்ணி விழறதைப் பார்த்தவனுக்கு அது புதுசாத் தெரியலைங்க. அதே கண்ணிதான், கையில மெதுவா வருது.

நெசவுக்கும் பின்னலுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு வரியில சொல்லிடறேன். நெசவுல பாவு, ஊடைன்னு ரெண்டு பக்க நூல் வேணும். பின்னலுக்கு ஒரே நூல் போதும். ஒரு கண்ணிக்குள்ள இன்னொரு கண்ணியை இழுத்துவிட்டுக்கிட்டே போகணும். அதனாலதான் பனியன் இழுத்தா விரியும், வேட்டி விரியாது. 30 இன்ச் டயா, 24 கேஜ் மிஷின்ல சுத்திவர 2,200க்கு மேல ஊசி இருக்கும். 90 கோன்ல இருந்து நூல் போனா ஒரு சுத்துக்கு 90 வரிசை. நிமிஷத்துக்கு 20 சுத்துன்னு வெச்சாலும் 40 லட்சம் கண்ணி வந்துரும். நான் பின்ற குழந்தை சாக்ஸ் ஒண்ணுக்கு மொத்தமே 3,000 கண்ணிதான். அதுக்கு எனக்கு ரெண்டு மூணு சாயங்காலம் ஆகுது.

கோன் நூல்லயே பின்னியிருக்கலாம். ஆனா எங்க வீட்டு அட்டத்துல எங்க ஆத்தாவோட, அதாவது அப்பாவைப் பெத்தவங்களோட, பெட்டி ராட்டை கெடந்துது. அதைத் தொடைச்சு, எண்ணெய் விட்டு, புதுக் கயிறு போட்டேன். காட்டோரமா நாலு வரிசை கருங்கண்ணிப் பருத்தி போட்டேன். இது நம்ம நாட்டுப் பருத்தி. மானாவாரிக்குத் தாங்கும், பூச்சிக்கும் ஓரளவு தாங்கும். இழை கொஞ்சம் குட்டைங்கறதால மில்லுக்காரங்களுக்குப் பிடிக்காது. எங்க அப்பாரு காலத்துல இந்தப் பக்கம் கருங்கண்ணியும் கம்போடியாவும்தான் வெள்ளாமை. இப்ப எங்க ஊரைச் சுத்தித் தென்னையும் சோளத்தட்டும்தான். உலகத்துக்கே பருத்தித் துணி அனுப்பற ஊருக்குப் பக்கத்துல, பருத்திச் செடியைப் பார்க்காத பிள்ளைங்க வளருது.

பருத்தி எடுத்ததும் கொட்டையைக் கையால பிரிக்கணும். அப்பறம் சின்ன வில்லுல பஞ்சை அடிக்கணும். நாண் அதிரும்போது கட்டிப்பஞ்சு உதிர்ந்து மேகம் மாதிரி ஆகும். அதை ஒரு குச்சியில சுத்தி உருவினா திரி கெடைக்கும். வலது கை சக்கரத்தைச் சுத்தணும், இடது கை திரியைப் பிடிச்சுப் பின்னாடி இழுத்துக்கிட்டே போகணும். கதிர் முனையில இருந்து நூல் பொறக்கறதைக் கண்ணால பார்க்கலாம். கை நீளத்துக்கு வந்ததும் கதிர்லயே சுத்திவிட்டுட்டு மறுபடி இழுக்கணும்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு விஷயம் சொல்றேன். முறுக்கு எப்பவும் மெலிஞ்ச இடத்தைத் தேடித்தான் மொதல்ல போகும். மெலிஞ்ச இடம் முறுக்கேறிக் கெட்டியாயிரும். தடிச்ச இடம் முறுக்கு ஏறாம மெத்துனு இருக்கும். அப்ப கையை இன்னும் கொஞ்சம் இழுத்தா தடிச்ச இடம்தான் நீளும், மெலிஞ்சது அறாது. அப்படியே நூல் தன்னால சமமாகிக்கிட்டே வரும். நாம பண்ண வேண்டியது அவசரப்படாம இழுக்கறது மட்டும்தான். பஞ்சுக்கே இந்த அறிவு இருக்குதுங்கறதை ஒவ்வொரு நாளும் கையில உணர்றப்ப ஒரு சந்தோஷம் வரும் பாருங்க, அதுக்காகவே ராட்டையில உக்காரலாம்.

இன்னொண்ணும் ராட்டைதான் எனக்குப் புரிய வெச்சுது. நீங்க வாங்கற டி-ஷர்ட்டு நாலு தடவை துவைச்சதும் பக்கத்துத் தையல் வயித்துப் பக்கமாத் திரும்பிக்கறதைப் பார்த்திருப்பீங்க. தைச்சவங்க மேல குத்தம் சொல்வாங்க. பாதிக்கு மேல அது நூலோட கோவம். ஒத்தை நூல்ல ஏத்தின முறுக்கு, அவுந்துக்கப் பார்க்கும். தண்ணியில நனைஞ்சதும் கண்ணியெல்லாம் சாயும், துணியே திருகிக்கும். மிஷின்ல நெறைய கோன் போட்டு ஓட்டறதும் அந்தத் திருகலைக் கூட்டும். ரெண்டு நூலையோ நாலு நூலையோ சேர்த்து எதிர்த் திசையில முறுக்கிட்டா ஒண்ணோட கோவத்தை இன்னொண்ணு ஆத்திரும். சாக்ஸுக்கு நான் நாலு நூல் சேர்த்துத்தான் முறுக்கறேன். எத்தனை தடவை துவைச்சாலும் நேரா நிக்குது.

பின்ற ஊசி கடையில வாங்கலைங்க. சைக்கிள் போக்ஸ் கம்பியை வெட்டி, ரெண்டு முனையையும் கல்லுல தேய்ச்சு அஞ்சு ஊசி பண்ணிக்கிட்டேன். நாலு ஊசியில 40 கண்ணியைப் பிரிச்சு வெச்சு, அஞ்சாவதுல பின்னிக்கிட்டே வட்டமாச் சுத்தணும். குழாய் மாதிரி எறங்கும். குதிகால் வர்ற எடத்துல பாதிக் கண்ணியில மட்டும் போய்ப் போய்த் திரும்பணும். திடீர்னு குழாய் மடங்கி, குழந்தையோட குதிகால் அளவுக்கு ஒரு கிண்ணம் உருவாகும். எத்தனை சாக்ஸ் பின்னினாலும் அந்த எடம் வரும்போது மருமகளைக் கூப்பிட்டுக் காட்டிட்டுத்தான் மேல பின்னுவேன். கையுறை அதைவிடச் சுலுவு. கட்டைவிரலே வேண்டாம், சின்னப் பை மாதிரி பின்னி வாயில ஒரு கயிறு கோத்தா முடிஞ்சுது.

சந்தோஷத்தை மட்டும் சொல்லிட்டு நிறுத்தினா சரியா இருக்காதுங்க. எங்க ஆத்தா இதே ராட்டையில நூத்தது சந்தோஷத்துக்கு இல்லை. மழை இல்லாத வருஷம், காட்டுல வேலை இல்லைன்னா ராட்டைதான் சோறு. 1925ல காந்தி அகில இந்திய நூற்போர் சங்கத்தைத் தொடங்கினாரு. அதோட தமிழ்நாட்டுக் கிளை நடந்தது திருப்பூர்ல இருந்துதான். பஞ்சைக் கொடுத்து, நூத்த நூலை வாங்கிட்டுக் கூலி கொடுப்பாங்க. சுத்துப்பட்டுல எத்தனையோ ஊர்ப் பொம்பளைங்க அதுல பொழைச்சாங்க. கூலி பத்தலைங்கறதும் உண்மை. அதனாலதான் 1935ல, துணி வெலை ஏறினாலும் பரவாயில்லை, நூற்கறவங்களுக்கு வயித்துக்குப் பத்தற கூலி கொடுக்கணும்னு காந்தியே பிடிவாதமா நின்னாரு. கூலி கட்டணும்னா நூல் வேகமா வரணுமில்லீங்களா? அதுக்காக ஒரே நேரத்துல பல கதிர் ஓடற அம்பர் சர்க்கா பின்னால வந்துது. அதைக் கண்டுபிடிச்ச ஏகாம்பரநாதன் நம்ம தமிழ்நாட்டுக்காரர். அவர் பேர்ல இருந்துதான் "அம்பர்".

அதே 1925லதான் திருப்பூரோட மொதல் பனியன் கம்பெனி பேபி நிட்டிங்கும் தொடங்குச்சு. ஒரே ஊரு, ஒரே வருஷம், ரெண்டு பாதை. எந்தப் பாதை ஜெயிச்சுதுன்னு ஊரைப் பார்த்தாலே தெரியும். எங்க ஆத்தா ராட்டையில சம்பாரிச்சாங்க, நான் கையை விட்டு மிஷினுக்குப் போனேன், இப்ப என் பையன் மிஷின்ல ஒன்றரை ஷிப்ட் நிக்கறான்.

அவன்தான் ஒரு ராத்திரி சோறு தின்னுக்கிட்டே கேட்டான், "இதை வித்தா கூலி கட்டுமாங்ப்பா?"

கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு ஜோடி குழந்தை சாக்ஸுக்கு 20 கிராம் நூல். பத்தாம் நம்பர் நூல்ல அது சுமாரா 340 மீட்டர். கொட்டை எடுத்து, பஞ்சடிச்சு, நூத்து, முறுக்கி, பின்னி முடிக்க 15 மணி நேரம். அதே 20 கிராமைக் கோன் நூலா வாங்கினா பத்து ரூபாய்க்குள்ள முடிஞ்சிரும். "கட்டாது சாமி. பத்துல ஒரு பங்குகூடக் கட்டாது"ன்னேன். அவன் பதில் சொல்லலை. பேத்தியோட காலைப் பிடிச்சுச் சாக்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "குதிகால்ல தையலே இல்லையே, எப்படிங்ப்பா திருப்புனீங்க?"ன்னு கேட்டான். சோத்துக் கையோட உக்காந்து அரை மணி நேரம் அதையே பேசினோம். அவன் வேலையைப் பத்தி அவன் கூட நான் அவ்வளவு நேரம் பேசினதே அன்னிக்குத்தான்.

அப்பத்தான் எனக்கு ஒண்ணு தெளிவாச்சு. எங்க ஊர்ல எல்லாரும் துணியிலதான் பொழைக்கறோம், ஆனா யாரும் முழுசா ஒண்ணு செய்யறதில்லை. பருத்தி போடறவன் மூட்டையோட முடிச்சுக்கறான். மில்லுல கோன், நிட்டிங்ல ரோல், பவர்டேபிள்ல கை மட்டும் ஏத்தறவங்க, கைமடிக்கு மடிக்கற வேலை மட்டும். பனியன் எந்த ஊர்ல யார் மேல போய் நிக்குதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. நான் செய்யறது 20 கிராம்தான். ஆனா வெதையை நானே போட்டேன், பஞ்சு நான் எடுத்தது, கண்ணி நான் விட்டது, அது போய்ச் சேர்ற காலும் எனக்குத் தெரியும். எங்க ஆத்தாவுக்கு இந்த வசதி இல்லை. எனக்குச் சோறு வேற எடத்துல இருந்து வர்றதாலதான் ராட்டை எனக்குச் சந்தோஷமா இருக்குது. அதை மறக்காம நூத்தா, ஒரு சட்டையைக் கையில எடுக்கும்போது அதுக்குள்ள எத்தனை பேரோட கை இருக்குதுன்னு தோணும். அப்பறம் 99 ரூபாய்க்கு மூணு பனியன்னு போர்டு பார்த்தா சிரிப்பு வராது.

டவுன்ல இருக்கறவங்களும் செஞ்சு பார்க்கலாம். ராட்டைகூட வேண்டாம். மூங்கில் குச்சி ஒண்ணு, அடியில கனத்துக்கு ஒரு வட்டத் தகடு; தக்ளி ரெடி. பழைய பள்ளிக்கூடத்துல படிச்ச உங்க வீட்டுப் பெரியவங்களைக் கேட்டுப் பாருங்க, கைத்தொழில் வகுப்புல தக்ளி சுத்தினவங்க இன்னும் நெறையப் பேர் இருக்காங்க. சுத்திவிட்டு மெதுவா இழுங்க. மொதல் ரெண்டு நாள் நூல் அறும். அறுந்த முனையைப் பஞ்சோட ஒட்டவெச்சு மறுபடி சுத்தினாச் சேந்துக்கும். கொட்டை எடுக்காத பருத்தி வேணும்னா மாசியில வாங்க, இந்த வருஷம் ஆறு வரிசை போட்டிருக்கேன்.