சொல்லின் பிறந்தகம்

தில்லியில் பயிலும் மாணவி ஒருத்தி, ஆங்கில அருஞ்சொற்களை நாள்தோறும் பத்துப் பத்தாக மனப்பாடம் செய்தாள்; வார இறுதிக்குள் பாதி மறந்துபோகும். வகுப்பில் தமிழ் பேசவோ நாணுவாள்.

ஒருநாள் பட்டியலில் 'முல்லிகடானி' வந்தது. காரச் சாறு என்று பொருள். உரக்கப் படித்தவள் திகைத்தாள். பாட்டி வைக்கும் மிளகுத்தண்ணீர் அல்லவா இது! 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியும் அதையே கூறிற்று.

அதன்பின் பொருளோடு சொற்பிறப்பையும் தேடலானாள். 'செரூட்' சுருட்டாயிற்று. 'கொரண்டம்' என்னும் கனிமம் குருந்தம். கடினத்தில் வைரத்திற்கு அடுத்த நிலையிலுள்ளது. மாணிக்கமும் நீலக்கல்லும் அதன் வகைகளே. 'கட்டமரான்' கட்டுமரந்தான். ஆயினும் ஒலியை மட்டும் நம்பினால் பிழை நேரும். இன்று ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் இரட்டை உடல் கொண்ட படகையே குறிக்கிறது.

'கொரண்டம்' தோழியர் நாவில் நிற்காமல் நழுவியபோது, அவள் எழுந்து சென்று கரும்பலகையில் முதன்முறையாகத் தமிழில் எழுதினாள்: குருந்தம்.