கேட்காமலே வந்தவை

லண்டன் சிறுமி மாலி ரஸல் 2017-இல் சுய காயத்தால் இறந்தபோது வயது 14. கடைசி ஆறு மாதத்தில் இன்ஸ்டாகிராமில் அவள் லைக் போட்ட, சேமித்த, பகிர்ந்த பதிவுகள் சுமார் 16,300. அதில் 2,100 மனச்சோர்வு, சுய காயம், தற்கொலை பற்றியவை. சிலவற்றை அவள் தேடவே இல்லை. அல்காரிதமே கொண்டுவந்து கொட்டியது. இணையத்தில் பார்த்தவற்றுக்கும் அந்தச் சாவில் பங்குண்டு என்று 2022-இல் மரண விசாரணை அதிகாரி பதிவு செய்தார்.

நாமோ "எந்நேரமும் போனும் கையுமா இருக்கியே" என்று நேரக் கணக்கிலேயே நிற்கிறோம். பிள்ளையின் திரையில் என்ன வந்து விழுகிறது? திட்டாமல், பிடுங்காமல், பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாமே.

மனம் கனத்தால் பேச, டெலி மானஸ் மனநல உதவி எண்: 14416. கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.