எடையும் விலையும் இடம் மாறியபோது

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடைக்காரர் சிட்டை எழுதுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ‘மல்லி 4.5 – 800’. கிலோ என்றோ ரூபாய் என்றோ எழுத மாட்டார். எந்த எண் எந்த இடத்தில் இருக்கிறதோ அதுதான் அதன் பொருள். டியூப்பிள் என்றால் என்ன என்று வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் கேட்டால் இந்தச் சிட்டையைத்தான் சொல்வேன்.

சி ஷார்ப்பில் 2017-இல் 7.0 பதிப்போடு வந்த டியூப்பிள் எனக்கு உடனே பிடித்துப்போனது. ஒரு ஃபங்ஷன் இரண்டு மதிப்புகளைத் திருப்பித் தர வேண்டுமா? தனியாக கிளாஸ் வேண்டாம். அடைப்புக்குறிக்குள் இரண்டையும் போட்டு, பெயரும் வைத்து அனுப்பிவிடலாம்.

பூக்கடை ஒன்றுக்கு பில் போடும் புரோகிராம் எழுதினேன். எடை, விலை இரண்டும் டெசிமல். ஓரிடத்தில் (எடை, விலை) என்று அனுப்பியதை இன்னோரிடத்தில் (விலை, எடை) என்று வாங்கிவிட்டேன். கம்பைலர் வாய் திறக்கவில்லை. அதற்கு இரண்டுமே ‘டெசிமல், டெசிமல்’தான், நாம் வைக்கும் பெயர் வகையை மாற்றாது. நாலரைக் கிலோவை 800 ரூபாயால் பெருக்கினாலும் 3,600; 800 கிலோவை நாலரை ரூபாயால் பெருக்கினாலும் 3,600. விவசாயிக்குப் போன பணம் சரி, கமிஷனும் சரி. தவறு ஒளிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடைக்காது. மாதக் கடைசியில் மொத்த எடையைப் பார்த்த கடைக்காரர்தான் கேட்டார்: “தம்பி, ஆவணி முகூர்த்தத்துக்குக்கூட நம்ம கடைக்கு இம்புட்டுப் பூ வந்ததில்லையே?”

அவர் சிட்டையில் எண்கள் இடம் மாறியிருந்தால் அவர் கண்ணே பிடித்திருக்கும். மல்லி கிலோ நாலரை ரூபாய்க்குப் போகாது என்பது அவருக்குத் தெரியும். கம்பைலருக்கு அந்த அறிவை வகை வழியாகத்தான் ஊட்ட முடியும்.

டியூப்பிளே வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை. என் தவறு டியூப்பிளில் இல்லை, வெறும் டெசிமலில் இருந்தது. ‘கிலோ’, ‘கிலோவிலை’ என்று இரண்டு ரெக்கார்டு ஸ்ட்ரக்ட் எழுதினேன். ஆளுக்கு ஒரு வரி. வாங்கிய அடுத்த வரியிலேயே பிரித்துவிடும் இடங்களில் டியூப்பிள் அப்படியே இருக்கிறது. ஃபைல் தாண்டிப் போகிற இடங்களில் மட்டும் ‘சிட்டை’ என்று பெயர் கொடுத்துத் தனி வகையாக்கினேன்.

மாற்றி முடித்து பில்ட் கொடுத்தேன். மூன்று இடங்களில் சிவப்புக் கோடு. ஒன்று எனக்குத் தெரிந்த இடம். மற்ற இரண்டும், சரியாக இருக்கிறது என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவை.