இடமும் வலமும்

வலம்புரிச் சங்கைக் கண்டால் கைகூப்புகிறோம். இடக்கையால் எழுதும் பிள்ளையைக் கண்டால் அக்கையைத் தட்டுகிறோம். நானும் தட்டியவன்தான். ஆசிரியப் பணியேற்ற புதிதில், ஜாசின் வட்டாரத் தோட்டப் பள்ளியொன்றில், ஒரு சிறுவனின் எழுதுகோலை வலக்கைக்கு மாற்றினேன். ஓராண்டுக் காலம் அவன் எழுத்துகள் நொண்டின.

பின்னாளில் வேதியியல் கற்ற அவன், தீபாவளிக்கு என்னைக் காண வந்தான். ஆய்வைப் பற்றிக் கேட்டேன்.

“இடச்சுழி ஒளியையும் வலச்சுழி ஒளியையும் அளக்கிறேன், ஐயா” என்றான். எனக்குச் சுருக்கென்றது.

சில மூலக்கூறுகள் நம் இரு கைகளைப் போன்றவையாம். ஒன்று மற்றதன் ஆடிப்பிம்பம், ஆயினும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது. நம் புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் அவ்வகையே. அதன் உப்புப் படிகங்களை 1848இல் பாஸ்டர் இடம் வேறு, வலம் வேறாகப் பொறுக்கிப் பிரித்தார். இத்தகைய மூலக்கூறு ஒளிரும்போது ஒரு சுழி மற்றதைவிடச் சற்றே மிகும். கண் அதனை அறியாது. கால் அலைத் தகடு என்னும் படிகத் தகடு இரு சுழிகளையும் ஒன்றுக்கொன்று செங்குத்தான நேர் அதிர்வுகளாக்கும். அடுத்துள்ள முனைவாக்கி ஒன்றை விடுத்து மற்றதைத் தடுக்கும். இரண்டின் வேறுபாட்டைச் சராசரியால் வகுக்க வேண்டும். ஒளி முழுதும் ஒரே சுழியானால் விடை 2. கரிம மூலக்கூறுகளிலோ பெரும்பாலும் ஆயிரத்தில் ஒன்று, அல்லது அதனினும் குறைவு. சூடத்திலிருந்து ஆக்கிய மூலக்கூறுகளை யூரோப்பியத்தோடு பிணைத்தபோது 1.38 கிடைத்ததாக 2008இல் வெளியிட்டனர்.

தனித் தகடு ஒரு நிறத்திற்கே சரியாகப் பொருந்தும். 1955இல் பெங்களூரில் பஞ்சரத்தினம் தகடுகளை அடுக்கிப் பல நிறங்களுக்கும் பொருந்தும் அமைப்பைக் கண்டார். சர் சி. வி. இராமனின் உடன்பிறந்தாள் மகன். 1969இல், 35 வயதிலேயே மறைந்தார். நம் மாணவர் எத்தனை பேர் அப்பெயரைக் கேட்டிருப்பர்?

“கருவி கோணலாயிருந்தால் நடுநிலையான ஒளியும் ஒருபுறம் சாய்ந்ததாகவே காட்டும், ஐயா. ஆகவே ஆடிப்பிம்ப மூலக்கூற்றையும் அளப்போம். அதே அளவு மறுபுறம் வந்தால்தான் நம்பலாம்.”

பழைய நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் கருவியை வரைந்து காட்டினான். வரைந்தது இடக்கை. உறுப்புகளின் பெயர்களை எழுத முற்பட்டபோது எழுதுகோல் தானே வலக்கைக்கு மாறிற்று. நான் அதைக் கண்டதை அவனும் கண்டான். என் மனைவி முறுக்குத் தட்டோடு வரும்வரை இருவரும் பேசவில்லை.