பூத்த நாளும் மறைந்த நாளும்



எங்கள் பள்ளித் திடலின் ஓரத்தில் ஒரு தெக்கோமா மரம் நிற்கிறது. ஆண்டின் தொடக்கத்தில் பினாங்குத் தீவில் வெயில் சில வாரங்கள் காய்ந்து, பின்னர் ஒரு மழை பெய்தால் போதும். இலைகளை உதிர்த்துவிட்டு மரம் முழுவதும் இளஞ்சிவப்பாய்ப் பூத்துக் குலுங்கும். அன்று காலையில் மாணவர்கள், “டீச்சர், சக்குரா பூத்திருச்சு!” என்று கூவிக்கொண்டு ஓடி வருவார்கள். அது சக்குரா அன்று, அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து இங்கு வந்த வேறொரு மரம் என்று நானும் ஆண்டுதோறும் திருத்துவேன். அவர்களும் ஆண்டுதோறும் மறந்துவிடுவார்கள்.

ஒருநாள் நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னை மடக்கினாள். “அப்போ நீங்க உண்மையான சக்குராவைப் பார்த்திருக்கீங்களா டீச்சர்?”

இல்லை என்று ஒப்புக்கொண்டேன். பார்க்காத ஒன்றைப் பற்றி இத்தனை ஆண்டுகளாகத் திருத்தம் சொல்லி வந்திருக்கிறேன்! அன்று மாலையே மகளிடம் சொன்னேன். அவள் காத்திருந்தவளைப் போலக் கணினியைத் திறந்துவிட்டாள். பணி ஓய்வுக்கு முன்னர் ஒரு முறையாவது அம்மாவை அழைத்துக்கொண்டு எங்கேனும் தொலைவாகச் செல்ல வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் விருப்பம்.

பயணத்தைத் திட்டமிடுவது எளிது என்றுதான் எண்ணினேன். 2013 ஜூலை முதல் நாளிலிருந்து மின்னியல் கடப்பிதழ் வைத்துள்ள மலேசியர், குறுகிய காலச் சுற்றுலாவுக்கு விசா இன்றியே ஜப்பானுக்குச் செல்லலாம். கோலாலம்பூர் வழியாக விமானம். தோக்கியோவில் மூன்று நாள், கியோத்தோவில் மூன்று நாள். மார்ச்சு மாதப் பள்ளி விடுமுறையும் கைகொடுக்கும். ஆனால் பூ நம் விடுமுறையைப் பார்த்துப் பூப்பதில்லையே!

சக்குராவின் கணக்கே தனி. தெற்கே ஒக்கினாவாவில் சனவரியிலேயே ஒருவகை மலர்ந்துவிடுகிறது. மார்ச்சு இறுதியில் கியூசூ, தோக்கியோ, கியோத்தோ ஆகிய இடங்களில் பூத்து, வடகோடியில் உள்ள ஒக்காய்தோவை அடைய ஏப்ரல் கடைசியோ மே தொடக்கமோ ஆகிவிடும். தோக்கியோவில் முதற்பூ விரியும் நாள் சராசரியாக மார்ச்சு 24. முழுதாய்ப் பூக்க மேலும் ஒரு வாரம். அதன்பின் ஏறக்குறைய ஒரு வாரத்தில் உதிர்ந்துவிடும். இடையில் காற்றும் மழையும் வந்தால் அதுவும் இல்லை. 2023-இல் மார்ச்சு 14 அன்றே பூத்த தோக்கியோ, அடுத்த ஆண்டில் மார்ச்சு 29 வரை காக்க வைத்தது. பயணச்சீட்டை முன்கூட்டியே வாங்க வேண்டிய நம்மைப் போன்றவர்களுக்கு இது ஒரு சூதாட்டந்தான்.

பிப்பிரவரி முதல் நாளிலிருந்து ஒவ்வொரு நாளின் உச்ச வெப்பநிலையையும் கூட்டிக்கொண்டே வந்தால், கூட்டுத்தொகை 600 பாகையைத் தொடும் வேளையில் தோக்கியோவில் பூ விரியும் என்று ஒரு கைக்கணக்கு உண்டு. இதை வகுப்பில் சொன்னபோது கணிதத்தை வெறுக்கும் மாணவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இன்னொரு செய்தியும் அவர்களுக்குப் பிடித்திருந்தது. நாம் படங்களில் காணும் வெளிர்நிறச் சக்குராக்களில் பெரும்பாலானவை ‘சோமெய் யோசினோ’ என்னும் ஒரே வகை. ஒட்டுக்கட்டியே அதைப் பெருக்குகிறார்கள். அதாவது அத்தனை மரமும் ஒரே மரத்தின் படிகள். அதனால்தான் ஓர் ஊரின் மரங்கள் யாவும் சேர்ந்து பூத்துச் சேர்ந்தே உதிர்கின்றன.

என்னை மிகவும் வியக்க வைத்தது வேறொன்று. கியோத்தோவில் மன்னரும் பிரபுக்களும் துறவியரும் எழுதிய நாட்குறிப்புகளிலிருந்து, சக்குரா பூத்த நாள்களை ஆய்வாளர்கள் தொகுத்துள்ளனர். இடையில் விடுபட்ட ஆண்டுகள் உண்டு. ஆயினும் அந்தப் பதிவு ஒன்பதாம் நூற்றாண்டு வரை பின்னோக்கிச் செல்கிறது. அதனால்தான் 2021-இல் மார்ச்சு 26 அன்று கியோத்தோவில் முழுதாய்ப் பூத்தபோது, 1,200 ஆண்டுப் பதிவுகளிலேயே அதுதான் மிக முந்திய நாள் என்று அவர்களால் சொல்ல முடிந்தது. புவி வெப்பமாவதற்கு ஒரு பூவே சான்று சொல்கிறது! ஒரு பூ மலர்ந்த நாளைத் தலைமுறை தலைமுறையாகக் குறித்து வைத்த மக்கள் என்று வியந்துபோனேன்.

அந்த வியப்போடுதான் அம்மாவிடம் சென்றேன். “அம்மா, நீங்களும் வர்றீங்க. நாலு பேருக்கும் சீட்டு பார்த்தாச்சு.”

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நின்றது. “எந்த ஊருக்கு?”

“ஜப்பானுக்கு.”

“அந்த ஊருக்கா?” என்றார். அவ்வளவுதான். மீண்டும் கீரையை ஆயத் தொடங்கிவிட்டார்.

அன்பர்களே, அந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால் இருப்பதை நான் மறந்திருந்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

1941 டிசம்பர் 11 அன்று ஜார்ஜ் டவுனின் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தன. ஆங்கிலேயர் சில நாள்களில் தம்மவரை மட்டும் கப்பலேற்றிக்கொண்டு தீவைக் கைவிட்டனர். இங்கிருந்த ஏட்டின் ஆசிரியரான இலங்கைத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து என்பவர்தான், மேலும் குண்டு விழாதிருக்க, கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த ஆங்கிலக் கொடியை இறக்கினார். டிசம்பர் 19 அன்று ஜப்பானியர் தீவுக்குள் நுழைந்தனர்.

அப்போது எங்கள் தாத்தா, கடலுக்கு அந்தப் பக்கம் செபராங் பிறையில் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தார். அம்மா 1942-இல் பிறந்தவர். மறு ஆண்டின் நடுவில், அம்மாவுக்கு ஒரு வயது நிரம்பும் முன்னரே, சயாமில் மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லித் தோட்டத்து ஆண்களை லாரியில் ஏற்றிச் சென்றார்கள். தாத்தாவும் போனார். பிறகு வரவில்லை.

சயாம் மரண இரயிலைப் பற்றி நம்மில் பலரும் அறிவர். தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்புயுசயாட் வரை ஏறக்குறைய 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி 1943 அக்தோபரில் முடித்தார்கள். வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல். அவர்களில் 12,000 பேருக்கு மேல் மாண்டனர். ஆசியத் தொழிலாளர்களோ இரண்டு இலட்சம் அளவில் இருந்தனர் என்றும், அவர்களில் 90,000 பேர் வரை மாண்டிருக்கலாம் என்றும் மதிப்பிடுகிறார்கள். மலாயாவிலிருந்து சென்றவர்களில் பெரும்பகுதியினர் தோட்டத்துத் தமிழர். காலரா, மலேரியா, வயிற்றுக்கடுப்பு, பட்டினி.

இந்த எண்களை ஒருமுறை உற்று நோக்குங்கள். போர்க்கைதிகளுக்குத் துல்லியமான கணக்கு உண்டு. காஞ்சனபுரியின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 பேருக்குத் தனித்தனிக் கல் வைத்துப் பராமரிக்கிறார்கள். நம்மவர்க்கோ “அளவில்”, “வரை”, “இருக்கலாம்” என்னும் சொற்கள்தாம் கல்லறை. அண்மை ஆண்டுகளில் மலேசியத் தமிழர் சிலர் முயன்று காஞ்சனபுரியில் ஒரு நடுகல் எழுப்பியிருப்பது ஆறுதல்.

தாத்தா எந்த முகாமில் இருந்தார், எந்த நாளில் மறைந்தார் என்பது எவருக்கும் தெரியாது. நாள் தெரியாததால் திதியும் இல்லை. பாட்டி உயிரோடிருந்தவரை ஆடி அமாவாசை அன்று இலை போடுவார். அதுவும் தொடக்கத்தில் பல ஆண்டுகள் போட மறுத்தாராம். இலை போட்டால் செத்துவிட்டார் என்று தாமே ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா? இன்று அம்மா போடுகிறார்.

பூ மலர்ந்த நாளை 1,200 ஆண்டுகளாகக் குறித்து வைத்த ஒரு நாடு, எங்கள் தாத்தா மறைந்த நாளைக் குறித்து வைக்கவில்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பயணத்தைக் கைவிட்டுவிடலாம் என்றே முடிவு செய்தேன்.

மகளோ வேறு கோணத்தில் பேசினாள். “இப்ப இருக்கிற ஜப்பான்காரங்க என்னம்மா செஞ்சாங்க?” உண்மைதான். பாடாங் கோத்தா லாமா திடலில் நடந்த போன் ஒடோரி விழாவுக்கு அவளைச் சிறுவயதில் நானே அழைத்துச் சென்றிருக்கிறேன். முன்னோரின் ஆவிகளை வரவேற்கும் விழா அது. சரவணமுத்து கொடியிறக்கிய கோட்டை பக்கத்திலேயே நிற்க, சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் வட்டமிட்டு ஆடினார்கள். அதில் ஒரு தவறும் எனக்குத் தோன்றவில்லை. அக்கால ஜப்பானில் உதிரும் சக்குரா இதழைப் படைவீரனின் சாவுக்கு உவமையாக்கி இளைஞரைப் போருக்கு அனுப்பியதும் உண்மையே. அதற்குப் பூ என்ன செய்யும்?

பயணத்தை விலக்கும் எண்ணத்தோடு மகள் குறித்து வைத்த இடங்களைக் கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் செய்தி என் கண்ணில் பட்டது.

தோக்கியோவில் சக்குரா பூத்துவிட்டது என்று எப்படி அறிவிக்கிறார்கள் தெரியுமா? வானிலைத் துறையினர் குறிப்பிட்ட ஒரு மரத்தை நாள்தோறும் சென்று பார்ப்பார்கள். அதில் ஐந்தாறு பூக்கள் விரிந்தால் நகரத்துக்கே இளவேனில் வந்துவிட்டதாக அறிவிப்பார்கள். அந்த மரம் நிற்பது யாசுக்குனி ஆலய வளாகத்தில். போரில் மாண்ட ஜப்பானியப் படையினரைப் போற்றும் ஆலயம் அது. போர்க்குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்ட தலைவர்களும் அங்கே போற்றப்படுவதால் இன்றுவரை சர்ச்சைக்குரியது. அதே வளாகத்தில் ஒரு போர் அருங்காட்சியகம் உள்ளது. அதன் முகப்புக் கூடத்தில் ஒரு நீராவி இரயில் பொறி நிற்கிறது. எண்: சி56 31. 1943-இல் சயாம்–பர்மா தண்டவாளத்தின் திறப்பு விழாவில் ஓடிய பொறி அது. 1979-இல் தாய்லாந்திலிருந்து ஜப்பானுக்குத் திரும்பக் கொண்டுசென்று அங்கே நிறுத்தியிருக்கிறார்கள்.

ஒரே வளாகம். ஒருபுறம் நான் காண விரும்பிய பூ. மறுபுறம் தாத்தா போட்ட தண்டவாளத்தின் மேல் ஓடிய வண்டி.

இரண்டு நாள் அதை மனத்திலேயே வைத்திருந்தேன். மூன்றாம் நாள் அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். கரிய நிறத்தில் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்த அந்தப் பொறியை அம்மா வெகுநேரம் பார்த்தார். அழவில்லை. பிறகு கேட்டார்.

“இதைத் தொட விடுவாங்களா?”

எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. “கிட்ட நின்னு பார்க்கலாம் அம்மா.”

“நான் வரலை. என் கால் அவ்வளவு தூரம் தாங்காது. நீ போ. பூவையும் பாரு, வேணாங்கலை. அந்த வண்டி முன்னால நின்னு, ‘தாத்தா, நான் உங்க பேத்தி வந்திருக்கேன்’னு ஒரு வார்த்தை சொல்லு. அவரு செத்த எடம் எனக்குத் தெரியாது. அவரு செஞ்ச வேலையாவது ஓர் எடத்துல நிக்குதே.”

ஆகவே போகிறோம், அன்பர்களே. நால்வர் அல்லர், மூவர். மார்ச்சு விடுமுறையின் பிற்பகுதிக்குச் சீட்டு எடுத்தாயிற்று. பூத்திருந்தால் பார்ப்போம், இல்லையேல் மொட்டைப் பார்ப்போம். யாசுக்குனிக்கு நான் வணங்கச் செல்லவில்லை. ஓர் இரயில் பொறியின் முன்னால் நின்று தமிழில் ஒரு வரி சொல்லிவிட்டு, சில நிமிட நடையில் உள்ள சிதோரிகாபுச்சி அகழிக் கரைக்குப் போய், மகளோடு மரத்தடியில் அமர்ந்து வருவேன். இரண்டையும் ஒரே நாளில் செய்ய முடியுமா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். முடியும் என்றுதான் தோன்றுகிறது. அம்மா செய்கிறாரே! ஆடி அமாவாசைக்கு இலை போட்ட கையோடு பேத்தியின் போன் ஒடோரி படங்களையும் கேட்டு வாங்கிப் பார்ப்பவர் அவர்.

உங்கள் வீட்டிலும் ‘ஜப்பான்காரன் காலம்’ என்று பேச்செடுத்தால் குரல் தாழ்த்தும் மூத்தவர் ஒருவர் இருக்கக்கூடும். அவருக்குத் தெரிந்த பெயர், தோட்டம், ஆண்டு, எதுவாயினும் கேட்டு எழுதி வையுங்கள். அக்காலத்தை நேரில் கண்டவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே இருக்கிறார்கள்.

இந்த வாரம் திடலோரத் தெக்கோமா மீண்டும் பூத்தது. மாணவர்கள் “சக்குரா!” என்று கூவினார்கள். இம்முறை நான் திருத்தவில்லை. வகுப்பு நாள்காட்டியில் அந்த நாளைச் சிவப்பு மையால் வட்டமிடச் சொன்னேன். இனி ஆண்டுதோறும் பூத்த நாளைக் குறித்து வைப்போம் என்று முடிவு செய்திருக்கிறோம். குறித்து வைப்பது ஒரு பழக்கம். அது பூவிலிருந்து தொடங்கட்டும்.